பொங்கல் சீராக வந்த காளையைத் திரும்பப் பெறக் கோருதல்

கே.கே. நகர், மதுரை.
போகிப் பண்டிகை, முற்பகல்.

அவனியாபுரம் லேத் பட்டறை உரிமையாளரும், வாடிவாசல் பல கண்ட காளைகளின் அதிபதியும், என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனருமாகிய திரு. மொக்கைச்சாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் புருஷன் நல்லகாமன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், பிள்ளைகளும், பட்டறையும், தொழுவத்தில் மிச்சமிருக்கிற காளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கக் கள்ளழகரை வேண்டுகிறேன். இவ்விடம் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். மனசு வரவில்லை, ஆகவே அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுவானேன் என்று தாங்கள் கேட்கலாம். போனை எடுத்தால்தானே மாப்ள சொல்வதற்கு? மார்கழி பாதியிலிருந்து என் பேரைப் பார்த்ததுமே கட் பண்ணுகிறீர்கள். தங்கள் அக்காளோ என் நம்பரையே பிளாக் பண்ணி வைத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் நான் டெப்போவில் இரவு ஷிப்ட் பார்த்தபோது, எதிர்வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டு, “சாப்பிட்டீகளா?” என்று கேட்ட மனுஷி அவள். ஆகவே தபால். அதுவும் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. கிடைக்கவில்லை என்று அப்புறம் யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். தங்கள் காளை என் வீட்டில் இருக்கிறது. என் பெண்டாட்டி தங்கள் வீட்டில் இருக்கிறாள். நம்ம பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள், பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியைக் கொடுத்துக் காளையை எடுத்தவன் இந்த மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். எனக்கு இது கட்டுப்படியாகவில்லை. தயவுசெய்து செவலையைக் கூட்டிக்கொண்டு போய், ஒச்சாயியை அனுப்பி வைக்கவும். கடிதத்தை இதோடு முடித்து ஒட்டியிருக்கலாம். ஆனால் தங்கள் வீட்டில் இந்நேரம் ஒரு பக்கக் கதைதான் ஓடிக்கொண்டிருக்கும். என் பக்கக் கதையையும் ஒரு மனுஷனாவது கேட்க வேண்டாமா?

தங்களுக்குத் தெரியாததல்ல, முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போவில் டீசல் பிடித்துக் கொடுத்தவன் நான். நான் தெருமுனை திரும்பும்போதே வாசத்தை வைத்து ஒச்சாயி உலையை ஏற்றிவிடுவாள். சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லி, வெந்நீரை வெளியிலேயே எடுத்துவந்து ஊற்றி, அப்புறம்தான் உள்ளே விடுவாள். எண்ணெய் என்றால் எனக்குச் சோறு போட்ட சாமி. ஓய்வு பெற்று மாலையோடு வீட்டுக்கு வந்து டீவி முன்னால் உட்கார்ந்தேன் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கேயோ ஒரு கடலில் எவனோ எவனோடோ மல்லுக்கு நிற்கிறான். கப்பல் நிற்கிறது என்கிறான், குழாயை மூடிவிட்டான் என்கிறான். இங்கே சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருக்கிறேன். அவன்கள் சண்டைக்கும் எங்கள் வீட்டு ரசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு பீமாராவைத் தங்களுக்குத் தெரியும், கரண்டு ஆபீஸில் என்ஜினீயராக இருந்தவர். மாடியில் சோலார், வாசலில் பேட்டரி வண்டி, சத்தமே போடாமல் வாழ்கிற மனுஷன். மதில்மேல் கையை வைத்துக்கொண்டு அவர் ஒரு வார்த்தை சொன்னார். “எம்புட்டு நாளைக்குத்தான்ணே அடுத்தவன் கெணத்து எண்ணெய நம்பி நாம ஒல வைக்கிறது?”

அந்த வார்த்தை என்னை விடவில்லை. மறுநாளே காஸ் ஏஜென்சிக்குப் போய் சிலிண்டர் இரண்டையும் ரெகுலேட்டரோடு ஒப்படைத்துவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பிள்ளை, “ஊரை விட்டுப் போறீங்களா சார்?” என்று கேட்டது. “இல்லம்மா, எண்ணெயை விட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன். ஒச்சாயி காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வாயைத் திறந்தாள். “நாட்டுக்காகக் குடுத்துட்டீக, சரி. மீன் கொழம்ப எதுல வைக்கிறது? உங்க நாட்டுலயா?”

முதலில் சூரிய அடுப்பு வாங்கினேன். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, மாடியில் வெயிலில் வைத்தால் சோறு வெந்துவிடும் என்றான் விற்றவன். வெந்திருக்கும்தான். நான் வாங்கியது ஐப்பசி மாசம். காலையில் போட்ட அரிசி சாயந்தரம் அரிசியாகவே இறங்கி வந்தது, மழைத்தண்ணியும் காக்கா எச்சமும் உபரி. அப்புறம் கரண்டு அடுப்பு. ஒச்சாயியின் மண்சட்டியையும் அலுமினியக் குண்டானையும் அந்த அடுப்புக்குப் பிடிக்கவில்லை. அடுப்புக்குப் பிடித்த பாத்திரங்களை ஒச்சாயிக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் பட்டினி. கடைசியில் தங்கள் அக்காள் பின்பக்கம் மூன்று செங்கலைக் கூட்டி, தென்னை மட்டையைப் போட்டு எரித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு குழம்பு வைத்தாள். அரபிக்கடலிடமிருந்து விடுதலை வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்த இடம் விறகு. அந்தக் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் சாண எரிவாயுத் தொட்டி போட்டேன். நல்லதுக்குத்தான் போட்டேன் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொட்டி போட்டுக் கொடுத்த சிவக்குமார் நல்ல பிள்ளை. தினமும் சாணியைக் கரைத்து ஊற்றினால் போதும், உள்ளே இருக்கிற பூச்சிகள் தின்று காஸாக விட்டுவிடும், குழாயைத் திறந்தால் அடுப்பு எரியும் என்று சொன்னான். ஒச்சாயியும் முகம் தெளிந்து, “சாணிதான? அது எங்க வீட்டு விசயம்” என்றாள். ஆனால் கே.கே. நகரில் சாணிக்கு எங்கே போவேன்? வீட்டை ஒட்டி மறுபக்கம் கிளினிக் இருக்கிறது, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருக்கிறது, நாய்க்கு முடி வெட்டுகிற கடைகூட இருக்கிறது. மாடு இல்லை. காலையில் எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டு வாக்கிங் போனார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு எவர் வீட்டு மாடாவது தெருவில் வருகிறதா என்று பின்னாலேயே போனேன். என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒருத்தர் எதிரில் வந்து, வாளியையும் என்னையும் பார்த்து, பென்ஷன் சரியாக வருகிறதா என்று ரகசியமாக விசாரித்தார்.

அந்த அவமானத்தில்தான், கார்த்திகை பிறந்ததும், தங்கள் வீட்டுக்கு வந்தேன். தாங்கள் அக்காளுக்குப் பொங்கல் சீர் என்ன வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் பெரிய மனசு பண்ணித்தான் சொன்னேன். “மாப்ள, இந்த வருசம் கரும்பு, பானை, பச்சரிசி, சேல ஒண்ணுமே வேணாம். தெனமும் ரெண்டு கூட சாணி மட்டும் அனுப்பிச்சிரு. எனக்கு அதுதான் சீரு.” செலவைக் குறைத்துக் கொடுத்தேன், சந்தோஷப்படுவீர்கள் என்று பார்த்தேன். தங்கள் வீட்டம்மா காபி ஊற்றிக்கொண்டிருந்தவர் பாதி டம்ளரில் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் மீதிக் காபி வரவே இல்லை. தாங்கள் எழுந்து நின்று, “எங்கக்காளுக்குச் சாணியச் சீராக் குடுத்தேன்னா அவனியாபுரத்துல நான் தல நிமிந்து நடக்க முடியுமா மச்சான்? பட்டறைல எவன் என்னய மதிப்பான்?” என்று கேட்டீர்கள். அதில் மரியாதைக் குறைச்சல் ஒன்றுமில்லை, அது எரிசக்தி என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொட்டுச் சத்தத்தோடு மினி லாரி வந்து என் வாசலில் நின்றது. முன்னால் தாம்பூலத் தட்டு, வாழைத்தார், பட்டுச் சேலை. பின்னால் கொம்பில் ஜரிகைத் துண்டோடு செவலை. கிளினிக்கில் ஊசிக்குக் காத்திருந்த ஜனம் ஊசியை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டது. தாங்கள் மீசையைத் தடவிக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னீர்கள். “சாணி கேட்டீகள்ல மச்சான்? எங்க வீட்டுல சாணியத் தனியாக் குடுக்கிற பழக்கம் இல்ல. போடுற ஆளோட குடுப்போம்.” ஒச்சாயி ஆலத்தித் தட்டை வைத்துக்கொண்டு, “எம் பொறந்த வீடு என்னய விட்டுக்குடுக்கல பாத்தீகளா” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு அப்போது ஒரே யோசனைதான், ஒரு நாளைக்கு எத்தனை கூடை தேறும் என்று.

செவலையைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாடிவாசலை விட்டு நின்று இரண்டு வருஷமாகிறது என்றீர்கள். ஆக, ஒரே வீட்டில் இரண்டு ரிட்டயர்டு ஆள். வித்தியாசம் என்னவென்றால், அதைப் பார்த்தால் இன்னமும் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஒச்சாயி போனால் கன்றுக்குட்டி மாதிரி கழுத்தை நீட்டும். நான் கூடையோடு பின்பக்கம் போனால் முன்பக்கம் திரும்பும், முன்பக்கம் போனால் முறைக்கும். முப்பத்தோரு வருஷம் பஸ் பக்கத்திலேயே நின்று டீசல் பிடித்திருக்கிறேன், ஒரு பஸ்ஸாவது என்னைத் திரும்பிப் பார்த்து மூச்சு விட்டிருக்குமா? நீளமான மூங்கிலில் தகரத்தைக் கட்டி, சமையலறை ஜன்னல் வழியாக நீட்டித்தான் என் எரிசக்தியை நான் சேகரித்தேன். வண்டியூர்க் கண்மாய்க்கு நீச்சலுக்குக் கூட்டிப் போனால் பள்ளிக்கூட வேன்கள் அப்படியே நின்றுவிடும். செவலை வந்ததிலிருந்து நோயாளிகள் எல்லோருக்கும் பிரஷர் கூடுதலாகக் காட்டுகிறது என்று கிளினிக் டாக்டரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து வருத்தப்பட்டார். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் செக்கானூரணிப் பக்கமிருந்து மினி லாரியில் வர வேண்டும். ஒருநாள் வைக்கோல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த பீமாராவ், “அண்ணே, தப்பா நெனைக்காதீக. இந்த வண்டி குடிக்கிற டீசல அப்படியே அடுப்புல ஊத்துனாலும் மாசம் பூராச் சோறு பொங்கலாம்ணே” என்றார். அன்றோடு அந்த மனுஷனிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். சரியாகச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனாலும் மாப்ள, கார்த்திகை தீபத்தன்று காஸ் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. அகல் விளக்கு அளவுக்கு நீலமாக ஒரு சுடர், அடுப்பின் நடுவில் நின்று எரிந்தது. ஒச்சாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பீமாராவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று மதில்வரைக்கும் போய், பேச்சில்லை என்பது ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்தது. மார்கழி பிறந்தது. அது குறைய ஆரம்பித்தது. மார்கழி நடுவில் தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்து விரல்தான் சுட்டது, அடுப்பில் ஒன்றுமில்லை. சிவக்குமார் வந்தான். தொட்டியைத் திறந்து, கரைசலைக் கையில் எடுத்து, மூக்குக்கிட்டே கொண்டுபோய், “யாருண்ணே இதுல மஞ்சத்தண்ணி ஊத்துனது?” என்றான்.

ஒச்சாயி முன்னால் வந்து நின்றாள். “நாந்தேன் தம்பி. சீரா வந்த காள. மார்கழி பூராக் காலம்பற தொழுவத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் கரைச்சுத் தெளிச்சுக் கழுவுறது எங்க வீட்டு வழக்கம்.” அந்தத் தொழுவத்தின் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை நேராகத் தொட்டிக்குள் விட்டிருந்தேன். ஒரு சொட்டு மூத்திரம் வீணாகக் கூடாதென்று நானே மட்டம் பார்த்துப் பூசியது. சிவக்குமார் பாவம், தயங்கித் தயங்கிச் சொன்னான். “அக்கா, உள்ள இருக்கிற பூச்சிகதான் காஸ் குடுக்குது. தெனமும் மஞ்சளும் வேப்பிலையும் ஊத்துனா அதுக எப்படிக்கா பொழைக்கும்?”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. வாளி தூக்கி அலைந்தது, மூங்கிலை நீட்டியது, கண்டக்டர் பென்ஷன் கேட்டது எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. அந்தப் பையன் முன்னாலேயே கத்தினேன். “உங்க வீட்டு வழக்கமும் வேணாம், உங்க வீட்டுச் சீரும் வேணாம். நாளைக்கே இந்தக் காளையத் திருப்பி அனுப்புறேன் பாரு!” இம்புட்டுத்தான் மாப்ள சொன்னேன். இதற்கு மேல் ஒரு எழுத்துச் சொல்லவில்லை, சிவக்குமாரைக் கூப்பிட்டு வேண்டுமானாலும் கேளுங்கள். ஓடாத வண்டியை டெப்போவில் திருப்பி அனுப்புவதில்லையா? ஒச்சாயி இரண்டு சேலையைப் பையில் திணித்தாள். செவலைக்குப் பருத்திக்கொட்டை வைத்து, கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். கேட்டைத் திறக்கும்போதுதான் ஒரு வார்த்தை சொன்னாள். “சீரத் திருப்புறதும் என்னயத் திருப்புறதும் ஒண்ணுதான். நீங்க செரமப்பட வேணாம். நானே போறேன்.” அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

விறகுப் புகை தாங்காமல்தான் போகிறாள் என்று நினைத்தேன். “சிலிண்டர் வேணும்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானடி!” என்று ஆட்டோவுக்குப் பின்னால் கத்தினேன். ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவளைத் தவிர. மறுநாளே ஏஜென்சிக்குப் போய், இணைப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று அதே கவுன்ட்டரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அதே பிள்ளைதான் உட்கார்ந்திருந்தது. “எண்ணெய்க்கே திரும்பி வந்துட்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, புது இணைப்பு என்றால் காத்திருக்க வேண்டும் என்றது. சிலிண்டருக்குச் சொல்லியாயிற்று என்று தங்கள் பட்டறைப் பையனிடம் சொல்லி அனுப்பினேனே, அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷன் எவ்வளவுதான் இறங்கி வருவான்?

இப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன். பரோட்டாக் கடையில் எனக்குக் கணக்கே திறந்துவிட்டார்கள். வீட்டில் எந்தச் சாமானும் வைத்த இடத்தில் இல்லை, அதாவது அவள் வைத்த இடத்தில்தான் இருக்கிறது, அது எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. சிவக்குமார் வேறொரு வீட்டுத் தொட்டியிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்றி, இன்னும் கொஞ்ச நாளில் காஸ் பிடித்துவிடும், பற்ற வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குப் பற்ற வைத்துப் பார்க்கவே மனசில்லை. எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன, அதில் வைப்பதற்கு எனக்கு என்ன சமைக்கத் தெரியும்?

செவலையோ அவள் போன நாளிலிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பருத்திக்கொட்டை வைத்தேன், பேரீச்சம்பழம் வைத்தேன், வாழைப்பழத்தை உரித்துக்கூட வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருநாள் காலையில் என் போன் கைதவறி, ஒச்சாயி எப்போதோ வாட்ஸாப்பில் அனுப்பிய குரல் பதிவு ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. “ஏங்க, கத்திரிக்கா வாங்கப் போன ஆளு, வெதையப் போட்டு வெளைய வச்சுப் பறிச்சுட்டு வாரீகளா? வெரசா வாங்க, சோறு ஆறுது.” செவலை காதைத் தூக்கியது. “சோறு ஆறுது” என்ற இடத்தில் வாயைத் தீனித் தொட்டியில் வைத்தது. அதற்கப்புறம் மூன்று வேளையும் இதுதான் மாப்ள. நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அது தின்னும். முடிந்ததும் மறுபடியும் போடுவேன். செவலை தின்று முடித்த பிறகும் சில நாள் போட்டிருக்கிறேன். ஒருநாள் பீமாராவ் மதில் பக்கம் வந்து, நாங்கள் இரண்டு பேரும் போனுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சிரித்திருந்தால்கூடத் தேவலை. நேற்றும் இன்றும் அதுவும் பலிக்கவில்லை. போனை ஒருதரம் மோந்து பார்த்தது, மூச்சு விட்டது, கேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. தண்ணீரைக்கூடத் தொடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மாப்ள.

நாளைக்குத் தை பிறக்கிறது. இந்த வீட்டில் பால் பொங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் மினி லாரியோடு புறப்பட்டு வரவும். கொட்டு வேண்டாம். நானும் குறை வைக்க மாட்டேன், தாம்பூலத் தட்டோடு, வேட்டி துண்டோடு, மரியாதையாகத்தான் செவலையைத் திருப்பி ஒப்படைப்பேன். வண்டி வரும்போது அதிலேயே ஒச்சாயி வரட்டும், போகும்போது செவலை போகட்டும், டீசலாவது மிச்சம். எண்ணெயைப் பற்றி இனிமேல் நான் வாயைத் திறக்க மாட்டேன். எந்தக் கடலில் எவன் அடித்துக்கொண்டாலும் எனக்கென்ன? நாட்டை வேறு எவனாவது காப்பாற்றட்டும். எனக்கு என் அடுப்படியில் சத்தம் கேட்டால் போதும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், அந்தப் பாதி டம்ளர் காபிக்காக எனக்கு வருத்தமொன்றுமில்லை என்று சொல்லவும். பட்டறை செழிக்கட்டும், தொழுவம் நிறையட்டும், நிறைந்ததை எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி மன்றாடும்,
நல்லகாமன்
(டீசல் பிரிவு, ஓய்வு).

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் படிக்காதே மாப்ள. படித்திருந்தால் மறந்துவிடு. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம்தான், அதற்கு இப்போது கை ஒத்துழைக்காது, காரணத்தைச் சொல்கிறேன். கடிதத்தின் ஓரத்தில் தெரிகிற பழுப்புக் கறைக்கும் அதுதான் காரணம்.

சாயந்தரம் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தபாலாபீஸுக்குப் போகும் முன்னால் செவலையை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பின்பக்கம் போனேன். சாணி கரைக்கிற தொட்டியின் விளிம்பில் நின்று, “ஒரு வாய் தின்னுடா, நாளைக்கு உங்க வீட்டுக்குப் போயிரலாம்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கேட்டுப் பக்கம் ஷேர் ஆட்டோ நின்ற சத்தம். “பீமாராவ் தம்பி போன் பண்ணுச்சு. செவல ரெண்டு நாளாத் திங்கலையாம்ல?” என்று உன் அக்காள் குரல். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, காற்றைப் பார்த்துக் கேட்டாள். நான் திரும்புவதற்குள் செவலை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பார்த்து ஓடியது. கயிறு என் இரண்டு காலையும் வாரிவிட்டது. கழுத்துவரைக்கும் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தேன், ஊன்றின கை சுளுக்கிக்கொண்டது. கடிதத்தை மட்டும் மறுகையில் உயர்த்திப் பிடித்திருந்தேன்.

பீமாராவ் மதிலில் இருந்தார். அப்போது ஒச்சாயி சிரித்தாள் மாப்ள. செவலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். கொட்டோடு நீ சீர் கொண்டுவந்தாயே, அன்றைக்குப் பார்த்த அதே முகம். அது அழுகை இல்லை என்பது தொட்டிக்குள் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. அவள் சிலிண்டருக்காகப் போகவில்லை என்பதும் புரிந்தது. “ஒச்சாயி, சீரத் திருப்ப மாட்டேன்” என்றேன். “மொதல்ல எந்திரிங்க, நாறுது” என்றாள்.

அப்புறம் அடுப்படியில் தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டது. நான் பற்ற வைத்துப் பார்க்காமல் விட்ட நாளெல்லாம் காஸ் சேர்ந்து கிடந்திருக்கிறது போலிருக்கிறது. ஒரு குண்டான் வெந்நீர் காய்கிற வரைக்கும் எரிந்தது, அப்புறம் அணைந்துவிட்டது. அதை வெளியிலேயே எடுத்துவந்து என் முதுகில் ஊற்றினாள். உன் மச்சான் எண்ணெயை விட்டு இத்தனை மாசம் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து இதுவரைக்கும் காய்ந்தது அந்த ஒரு குண்டான் வெந்நீர்தான். சூடு பதமாக இருந்தது.

ஆகவே மினி லாரி வேண்டாம். செவலை எங்கேயும் வராது. தொழுவத்து வாய்க்காலை நாளைக்கே முருங்கை மரத்துப் பக்கம் திருப்பிவிடுகிறேன், மஞ்சளும் வேப்பிலையும் உங்கள் வீட்டு வழக்கப்படி நடக்கட்டும். பீமாராவிடம் பேசிவிட்டேன், தபாலுக்கு இனி நேரமில்லை, இந்தக் கடிதத்தை அவர்தான் தன் வண்டியில் கொண்டுவந்து தருவார். நீ மட்டும் நாளைக்கு வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பொங்கலுக்கு வந்து சேர், கொட்டு இருந்தாலும் பரவாயில்லை.

மூன்று செங்கலில்தான் இப்போதும் சோறு வெந்தது. உள்ளேயிருந்து, “ஏங்க, சோறு ஆறுது” என்று சத்தம் வருகிறது. போனில் இல்லை. செவலையும் நானும் ஒன்றாகத் தலையைத் தூக்கினோம்.